விரல் பட்டால் எழுத்து வரவேண்டும்

(பழைய வீட்டுக் கம்ப்யூட்டர்களின் கீபோர்டு பற்றி வாசகர்கள் கேட்டவை)

கே: மாமா வீட்டுப் பரணைச் சுத்தம் செய்தபோது ஒரு இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் கிடைத்தது. டிவியோடு இணைத்தால் ‘1982 சின்கிளேர் ரிசர்ச்’ என்ற வரி பளிச்சென்று வருகிறது. ஆனால் எந்தக் கீயை அழுத்தினாலும் ஒன்றும் நடக்கவில்லை. தூக்கிப் போட்டுவிடலாமா சார்?
– ஈஸ்ட் ஹாம், லண்டனிலிருந்து ஒரு வாசகர்

ப: குப்பைத் தொட்டிப் பக்கமே போகாதீர்கள். ஸ்பெக்ட்ரம் தன் நினைவகத்தை முழுக்கச் சோதித்துப் பார்த்த பிறகுதான் அந்த வரியைக் காட்டும். அது வந்துவிட்டதென்றால் பிராசஸர், ரேம், ரோம் எல்லாம் அநேகமாக நலம். கெட்டிருப்பது பெரும்பாலும் அந்த இயந்திரத்திலேயே சாதாரணமான ஒரு பாகம்: ரப்பர் கீகளுக்கு அடியில் கிடக்கும் மெம்பிரேன்.

மெம்பிரேன் என்பது இரண்டு மெல்லிய பிளாஸ்டிக் தாள்கள். இரண்டிலும் மின்சாரம் கடத்தும் மையால் கோடுகள் அச்சடித்திருக்கும். நடுவே துளைகள் போட்ட ஒரு பிரிப்புத் தாள். கீயை அழுத்தினால் மேல்தாள் துளை வழியாக இறங்கிக் கீழ்த்தாளைத் தொடும், அவ்வளவுதான் சங்கதி. இந்தத் தாள்களிலிருந்து இரண்டு வால்கள் நீண்டு, உள்ளே பலகையில் இருக்கும் இரண்டு சாக்கெட்டுகளில் செருகியிருக்கும். ஒன்றில் 5 கோடுகள், இன்னொன்றில் 8. கம்ப்யூட்டரின் சூட்டிலும் வயதிலும் காய்ந்து காய்ந்து அந்த வால்கள் அப்பளம் மாதிரி ஆகிவிடுகின்றன. வளைகிற இடத்தில் விரிசல் விழுகிறது. விரிசல் விழுந்தால் கோடு அறுந்தது. கோடு அறுந்தால் கீ செத்தது.

அடிப்பக்கத்தில் 5 திருகுகள் இருக்கும். கழற்றிய பிறகு மேல்மூடியை வெடுக்கென்று தூக்கிவிடாதீர்கள். இதுவரை உடையாத வாலும் அந்த நொடியில் உடையும். கொஞ்சமாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வால்களைச் சாக்கெட்டிலிருந்து நேராக மேலே இழுத்துக் கழற்றுங்கள். பிறகு வெளிச்சத்துக்கு எதிரே வாலைப் பிடித்துப் பாருங்கள். குறுக்கே மெல்லிய வெள்ளைக் கோடு தெரிந்தால் அதுதான் குற்றவாளி. ஸ்பெக்ட்ரம் மெம்பிரேனை இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். ஒன்று வாங்கிப் போடுங்கள். மாமாவைக் கூப்பிட்டு முதல் எழுத்தை அவரையே அடிக்கச் சொல்லுங்கள்.

கே: உடைந்த வாலைச் செலோ டேப் போட்டு ஒட்டினால் என்ன? சால்டரிங் செய்தால் என்ன?
– விழுப்புரம்

ப: டேப் தாளைப் பிடிக்கும், மின்சாரத்தைக் கடத்தாது. சால்டரிங் அயர்ன் பட்டால் பிளாஸ்டிக் உருகும். கடத்தும் வெள்ளிப் பெயின்ட் பூசினால் கொஞ்ச நாள் ஓடும். வளைவில் மறுபடி விரியும். நுனியில் மட்டும் உடைந்திருந்தால், கூர்மையான கத்தரிக்கோலால் உடைந்த பகுதியை நேராக வெட்டிவிட்டு மீதியைச் செருகிப் பார்க்கலாம். வால் நீளமானதல்ல. இன்னொரு முறை வெட்டினால் சாக்கெட்டுக்கு எட்டுமா என்பதே சந்தேகம். பழுது அங்கேதான் என்று உறுதிப்படுத்திக்கொள்ள அந்த வைத்தியம் போதும். அதோடு நிறுத்திவிட்டுப் புது மெம்பிரேனுக்குப் போங்கள்.

கே: என் ஸ்பெக்ட்ரமில் 1, க்யூ, ஏ, 0, பி, என்டர், ஸ்பேஸ் ஆகிய கீகள் மட்டும் வேலை செய்யவில்லை. மற்றவை நன்றாக இருக்கின்றன. செத்த கீகள் இரண்டு ஓரத்திலும் கிடக்கின்றன. இதில் ஏதாவது ஒழுங்கு இருக்கிறதா சார், இல்லை என் நேரமா?
– பொறியியல் மாணவி, கோவை

ப: ஒழுங்கு இருக்கிறது அம்மா. கேப்ஸ் ஷிஃப்ட்டை நீங்கள் சோதித்திருக்க மாட்டீர்கள். அதுவும் வேலை செய்யாது, அழுத்திப் பாருங்கள்.

ஸ்பெக்ட்ரமில் 40 கீகள். ஒவ்வொன்றுக்கும் தனி ஒயர் கொடுத்தால் கட்டுப்படியாகாது. அதனால் 8 வரிசை, 5 நிரல் என்று ஒரு கட்டம் போட்டார்கள். 8-ம் 5-ம் சேர்ந்து 13 கோடுகளில் வேலை முடிந்தது. நான்கு வரிசைக் கீகளையும் நடுவில் பிளந்து, பாதிக்கு ஐந்து ஐந்தாக எட்டு அரைவரிசைகள். ஒவ்வொரு அரைவரிசையிலும் வெளி ஓரத்தில் இருக்கும் முதல் கீகள் எவை? இடப்பக்கம் 1, க்யூ, ஏ, கேப்ஸ் ஷிஃப்ட். வலப்பக்கம் 0, பி, என்டர், ஸ்பேஸ். இந்த எட்டும் ஒரே கோட்டில் கட்டப்பட்டவை. 5 கோடுகள் உள்ள வாலில் ஒரு கோடு அறுந்தால் எட்டுக் கீகளும் ஒன்றாகப் போகும். உங்கள் பழுது அந்த வாலில், இல்லாவிட்டால் அது செருகும் சாக்கெட்டில்.

பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் ஐந்து கீகள், உதாரணமாக க்யூவிலிருந்து டி வரை, ஒன்றாகப் போயிருந்தால் 8 கோடுகள் உள்ள வாலைப் பாருங்கள். அந்த எட்டுக் கோடுகளுக்கும் பலகையில் ஆளுக்கொரு டயோடு உண்டு. அதில் ஒன்று கெட்டாலும் இதே அறிகுறிதான். மெம்பிரேனா, பலகையா என்று பிரித்தறிய ஒரு எளிய சோதனை: கீபோர்டைக் கழற்றிவிட்டு, கம்ப்யூட்டரை ஓடவிட்டு, சின்ன ஒயர் ஒன்றால் 5 கால் சாக்கெட்டின் ஒரு காலையும் 8 கால் சாக்கெட்டின் ஒரு காலையும் தொடுங்கள். கீ செய்யும் வேலையும் அதுவே என்பதால் திரையில் எழுத்து வரும். சந்தேகப்படும் காலைத் தொட்டும் எழுத்து வந்தால் பலகை நிரபராதி. ஒயர் வேறு எதையும் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படி அறிகுறியை வைத்து அறுந்த கோட்டைக் கண்டுபிடிக்கும்போது வருகிற சந்தோஷம் வேறு. நாற்பது வருஷத்துக்கு முன் ஒருவர் போட்ட கணக்கை உங்கள் விரல் படித்துவிடுகிறது.

கே: மெம்பிரேன் மாற்றலாம் என்றால், மேலே இருக்கும் உலோகத் தகடு கழற்ற வரமாட்டேன் என்கிறது. ஸ்க்ரூ டிரைவரால் நெம்பலாமா?
– பாரிஸ், லா சப்பேல்

ப: நெம்பினால் தகடு வளையும், மெல்லிய அலுமினியம், வளைந்தால் வளைந்ததுதான். கீ வரிசைகளுக்கு இடையே இருக்கும் குறுகலான பட்டைகள்தான் முதலில் மடங்கும். அந்த மடிப்பை எதைக்கொண்டும் நிமிர்த்த முடியாது.

தகடு இருபக்க டேப்பால் ஒட்டப்பட்டது. முடி காயவைக்கும் டிரையரால் ஓரங்களை மெதுவாகச் சூடாக்குங்கள். கை தாங்கும் சூடு போதும். பசை இளகியதும் ஒரு மூலையில் பழைய பிளாஸ்டிக் கார்டைச் செருகி, தூண்டில் நரம்பையோ பல் இடுக்கு நூலையோ அடியில் விட்டு, அறுப்பதுபோல் முன்னும் பின்னும் இழுத்துக்கொண்டே போங்கள். இளகாத இடம் வந்தால் நிறுத்தி மறுபடி சூடு காட்டுங்கள். தகட்டைத் தூக்கக் கூடாது. பசையை அறுத்து முடித்தால் தானாக வரும்.

வந்த பிறகு ரப்பர் விரிப்பை எடுத்து, பாத்திரம் கழுவும் சோப்பும் வெதுவெதுப்பான நீரும் கொண்டு கையால் கழுவுங்கள். பிரஷ் வேண்டாம், ஸ்பிரிட் வேண்டாம். எழுத்துகள் அச்சடித்தவை, தேய்ந்தால் திரும்பாது. தகட்டின் முன்பக்கத்துக்கும் இதே விதி. பின்பக்கத்துப் பழைய பசைக்கு மட்டும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்.

அவசரக்காரர்கள் தவறவிடும் ஒன்று: தகட்டை மறுபடி ஒட்டுவதற்கு முன் விரிப்பையும் மெம்பிரேனையும் வைத்து, வால்களைச் செருகி, 40 கீகளையும் ஒவ்வொன்றாக அழுத்திப் பாருங்கள். ஒட்டிய பிறகு ஒரு கீ வேலை செய்யவில்லை என்றால் டிரையரை மறுபடி எடுக்கவேண்டி வரும்.

கே: இவ்வளவு தொல்லை தரும் ரப்பர் கீபோர்டைச் சின்கிளேர் ஏன் வைத்தார்? கஞ்சத்தனம்தானே?
– தஞ்சாவூர்

ப: கஞ்சத்தனம் என்று நான் சொல்லமாட்டேன். 1982 ஏப்ரலில் வந்த ஸ்பெக்ட்ரம் 16 கே நினைவகத்தோடு 125 பவுண்டு, 48 கே 175 பவுண்டு. அதே காலத்தில் பிபிசி மைக்ரோ மாடல் பி 399 பவுண்டு. பிபிசியில் ஒவ்வொரு கீக்கும் அடியில் தனித் தனி ஸ்விட்ச். தொட்டாலே கை மகிழும். ஸ்பெக்ட்ரமில் ஒரு ரப்பர் விரிப்பு, ஒரு தகடு, ஒரு மெம்பிரேன், முடிந்தது. மூன்று பொருளில் 40 கீகளைச் செய்து முடித்தவர் ரிக் டிக்கின்சன் என்ற வடிவமைப்பாளர். விலை இறங்கியதால்தான் பிரிட்டனில் சாதாரணக் குடும்பத்துப் பிள்ளைகளின் மேஜைக்கு கம்ப்யூட்டர் வந்தது. அந்த மிச்சத்தை நான் மதிக்கிறேன்.

கே: பெரிய கம்பெனிகள் இந்தத் தவறைச் செய்ததில்லையா?
– கண்டி

ப: ஐபிஎம் செய்தது. 1983 நவம்பரில் அறிவித்த பிசி ஜூனியருக்குத் தனித்தனிச் சின்னக் கீகள் வைத்த கீபோர்டு. டைப்ரைட்டர் பழகிய அமெரிக்கர்கள் விரலை வைத்தார்கள், எடுத்துவிட்டார்கள். 1984-ல் ஐபிஎம் வாங்கியவர்களுக்கெல்லாம் இலவசமாகவே வேறு கீபோர்டு கொடுத்தது. அதற்கு முன் 1977-ல் கமடோர் பெட் 2001 வந்தபோதும் இதே கதை. கால்குலேட்டர் செய்துகொண்டிருந்த கம்பெனி, கால்குலேட்டர் அளவுக் கீகளையே வைத்தது. அடுத்த மாடல்களில் பெரிய கீபோர்டு வந்துவிட்டது.

கே: பழைய கம்ப்யூட்டர் கைக்கு வந்ததும் முதலில் எதைக் கழற்றவேண்டும்?
– ஈரோடு

ப: எதையும் கழற்றாதீர்கள், முதலில் அடாப்டரைச் சோதியுங்கள். ஸ்பெக்ட்ரமின் 9 வோல்ட் பின்னில் நடுப்பகுதி மைனஸ், வெளிப்பகுதி பிளஸ். கையில் கிடைக்கும் அடாப்டர்கள் பெரும்பாலும் இதற்கு நேர் எதிர். கமடோர் 64-ன் பழைய அடாப்டர் இன்னும் ஆபத்து: 5 வோல்ட் கொடுக்கவேண்டிய பக்கம் வயதானதும் எகிறிவிடும், சிப்புகளைச் சாகடித்துவிடும். கீபோர்டைக் காப்பாற்றுவதற்கு முன் அது பேசவேண்டிய கம்ப்யூட்டர் உயிரோடு இருக்கவேண்டும் அல்லவா?

கே: அண்ணை, என்னட்ட ஒரு கமடோர் 64 இருக்கு. இருபது கீயாவது பலமாகக் குத்தினால்தான் எழுத்து வருது. சிலது குத்தினாலும் வராது. இதுக்கும் மெம்பிரேன் மாத்த வேணுமோ?
– ஸ்கார்பரோ, கனடா

ப: இல்லைத் தம்பி, இது வேறு இனம், இதில் மெம்பிரேனே கிடையாது. உங்களுக்குத் தேவை ஒரு மத்தியானமும் கொஞ்சம் பொறுமையும்.

கமடோர் 64-ல் ஒவ்வொரு கீக்கும் கீழே ஒரு ஸ்பிரிங், அதன் அடியில் ஒரு பிளாஸ்டிக் தண்டு, தண்டின் அடியில் கரி கலந்த ஒரு கறுப்பு ரப்பர்ப் பொட்டு. கீயை அழுத்தினால் அந்தப் பொட்டு, கீழே பலகையில் உள்ள இரண்டு கரித் தடங்களை இணைக்கும். நாற்பது வருஷத்துத் தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் இரண்டுக்கும் நடுவே ஒரு படலமாகப் படிந்திருக்கும். அதைத் துடைத்தால் பத்தில் ஒன்பது கீ எழுந்து உட்காரும்.

கீபோர்டைத் தனியாக எடுத்துக் கவிழ்த்து வையுங்கள். பின்பலகையில் ஷிஃப்ட் லாக்கிலிருந்து வரும் இரண்டு ஒயர்கள் சால்டர் செய்திருக்கும். அதை எடுக்காமல் பலகையைத் தூக்கவே முடியாது. முதலில் போட்டோ எடுத்துக்கொண்டு, அந்த இரண்டையும் சூடுகாட்டி விடுவியுங்கள். பிறகு பலகையைப் பிடித்திருக்கும் சிறு திருகுகள் அத்தனையையும் கழற்றுங்கள். ஒன்று விட்டுப்போனாலும் நெம்பும்போது பலகை விரியும்.

பலகை வந்ததும் அறுபதுக்கும் மேற்பட்ட கறுப்புப் பொட்டுகள் வரிசையாகக் கண்ணில் படும். பஞ்சுக் குச்சியை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்து, ஒவ்வொன்றையும் ஒற்றித் துடையுங்கள். குச்சி கறுக்கும், கொஞ்சம் கறுப்பது அழுக்கு, தொடர்ந்து கறுத்துக்கொண்டே இருந்தால் நீங்கள் கரியையே எடுக்கிறீர்கள் என்று பொருள். அங்கே நிறுத்துங்கள். பலகையின் தடங்களுக்கும் அதே மென்மை. உப்புக் காகிதம் பக்கம் கை போகவே கூடாது. துடைத்தும் எழாத பொட்டு ஒன்றிரண்டு இருந்தால், ரிமோட் கன்ட்ரோல் பழுதுபார்க்க விற்கும் கரிப் பூச்சை மெல்லிசாகத் தடவலாம்.

திருகுகளைத் திருப்பிப் போடும்போது நடுவிலிருந்து ஓரத்துக்குப் போங்கள், எதையும் முறுக்கிவிடாதீர்கள். வயதான பிளாஸ்டிக், புரி கழன்றுவிட்டால் மறுபடி பிடிக்காது.

கே: எல்லாம் சரி செய்தும் ரெஸ்டோர் கீ மட்டும் அறைந்தால்தான் கேட்கிறது.
– அதே ஸ்கார்பரோ தம்பி

ப: அது அழுக்கல்ல, பிறவிக் குணம். கமடோர் 64-ல் 66 கீகள். எட்டுக்கு எட்டுக் கட்டத்தில் 64 அடங்கும். ஷிஃப்ட் லாக் என்பது இடது ஷிஃப்ட்டை அழுத்தியே வைத்திருக்கும் ஸ்விட்ச். தனி இடம் கேட்காது. மிஞ்சியது ரெஸ்டோர். அது கட்டத்துக்குள் வராமல், பிராசஸரைக் குறுக்கிட்டு நிறுத்தும் கோட்டுக்குத் தனியாகப் போகிறது. ஆரம்பகாலப் பலகைகளில் அந்த வழியில் இருக்கும் கெபாசிட்டர் மிகச் சிறியது. விரல் வேகமாகப் பட்டால்தான் துடிப்பு அந்தப் பக்கம் எட்டும். பெரிய மதிப்புள்ள கெபாசிட்டர் மாற்றினால் மென்மையாகத் தொட்டாலே போதும். கழற்றிய பழையதை ஒரு சின்ன உறையில் போட்டு, எங்கிருந்து எடுத்தது என்று எழுதி, கம்ப்யூட்டரோடேயே வையுங்கள்.

கே: நான் தொடாமலே என் கமடோர் தானாக எழுத்து அடிக்கிறது. பயமாக இருக்கிறது!
– ஆறாம் வகுப்பு மாணவன், சிங்கப்பூர்

ப: பயப்படாதே தம்பி. முதல் போர்ட்டில் ஜாய்ஸ்டிக் சொருகியிருக்கிறதா பார். அந்தப் போர்ட்டும் கீபோர்டும் ஒரே கோடுகளைப் பகிர்ந்துகொள்கின்றன. ஜாய்ஸ்டிக்கில் ஒரு பக்கம் சிக்கிக்கொண்டிருந்தாலே கம்ப்யூட்டர் அதைக் கீ என்று எண்ணிக்கொள்ளும். கழற்றிவிட்டுப் பார். நின்றுவிட்டால் கோளாறு ஜாய்ஸ்டிக்கில். நிற்கவில்லையென்றால் அப்பாவைக் கூப்பிட்டு, எந்தக் கீ மேலே எழும்பாமல் அமுங்கிக் கிடக்கிறது என்று இருவரும் சேர்ந்து தேடுங்கள்.

கே: கீ ஒட்டிக்கொள்கிறது. WD-40 அடிக்கலாமா என்று கேட்டால் ‘அடி’ என்கிறார் பக்கத்து வீட்டு மெக்கானிக்.
– நாகர்கோவில்

ப: டபிள்யூடி-40 அவருடைய பைக் செயினுக்கு. உங்கள் கீபோர்டில் அடித்தால் எண்ணெய் தங்கும், எண்ணெயில் தூசி தங்கும், ரப்பர் ஊறும். கீமூடியை நேராக மேலே இழுத்துக் கழற்றி, தண்டையும் குழியையும் துடைத்துக் காயவையுங்கள். பெரும்பாலும் அதுவே போதும். ஸ்பேஸ் பாரை மட்டும் பார்த்து எடுங்கள். அடியில் ஒரு கம்பி இருபுறமும் கொக்கி போட்டிருக்கும்.

கே: என் அமிகா 500-ன் கீகள் பழுத்த மஞ்சளாகிவிட்டன. யூடியூப்பில் பார்த்தபடி வெளுக்கவைக்கலாமா? வெயில் எங்கள் ஊரில் தாராளம்.
– வேலூர்

ப: வெயில் தாராளம் என்பதுதான் எனக்குக் கவலை. அந்த ஏபிஎஸ் பிளாஸ்டிக்கில் தீப்பிடிக்காமல் இருக்க புரோமின் சேர்மங்கள் கலந்திருக்கின்றன; புற ஊதா ஒளியும் ஆண்டுகளும் சேர்ந்து மஞ்சளாக்குகின்றன. ஹைட்ரஜன் பெராக்சைடும் புற ஊதா ஒளியும் சேர்ந்தால் மஞ்சள் போகும். 2008 வாக்கில் பழைய கம்ப்யூட்டர் பிரியர்களிடம் பரவிய முறை இது, நிச்சயம் பலன் தரும்.

சலூனில் பயன்படும் 12 சதவீத கிரீமைத் தடவினால் தடிமன் கூடக்குறைய இருக்கும் இடத்தில் திட்டுத்திட்டாகும். கீமூடிகளைக் கழற்றி, பெராக்சைடு நீரில் முழுக்க மூழ்கவைத்து, அடிக்கடி திருப்பிவிடுவது நல்லது. உச்சிவெயில் வேண்டாம், காலை வெயில் போதும். பிளாஸ்டிக் கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் தொடவே கூடாது. தோலைச் சுடும், கண்ணில் பட்டால் கண் போகும்.

என் அபிப்பிராயம் கேட்டால்: எழுத்து தெரிகிறது, கீ வேலை செய்கிறது என்றால் மஞ்சளை விட்டுவிடலாம். வெளுத்ததும் சில வருஷங்களில் மறுபடி மஞ்சளாவதுண்டு, அளவு மீறி வெளுத்தால் பிளாஸ்டிக்கின் மேல்பரப்பு சுண்ணாம்பாகப் பொரிந்துவிடும். வேலை செய்யாத கீக்குத்தான் அவசரச் சிகிச்சை.

கே: ஸ்பெக்ட்ரமில் ரப்பரை எடுத்துவிட்டு, சொடுக் சொடுக்கென்று சத்தம் போடும் மெக்கானிக்கல் ஸ்விட்ச் கீபோர்டு வைக்க ஆசை. நண்பன் ‘பாவம்’ என்கிறான். பாவமா?
– பெங்களூரு

ப: பாவம் இல்லை, பரம்பரை வழக்கம். 1980களில் டிகே டிரானிக்ஸ் போன்ற கம்பெனிகள் முழு அளவுக் கீபோர்டு உள்ள பெட்டிகளை விற்றன. ஸ்பெக்ட்ரமின் பலகையை எடுத்து அதற்குள் வைத்துக்கொள்ளவேண்டும். ரப்பர் கீயில் நாள் முழுக்க புரோகிராம் எழுதியவர்கள் அதை வாங்கினார்கள். ரிக் டிக்கின்சனே பின்னாளில் ஸ்பெக்ட்ரம் நெக்ஸ்ட் என்ற புது வாரிசு இயந்திரத்துக்காகப் பெட்டியும் கீபோர்டும் வடிவமைத்தார். அவர் 2018-ல் மறைந்தார். இயந்திரம் வாங்கியவர்களின் கைக்கு 2020-ல் போய்ச் சேர்ந்தது. தன் ரப்பர்க் கீயை மாற்றி அமைக்கலாம் என்று அவரே நினைத்தபோது நாம் நினைக்கக் கூடாதா?

எனக்கு இருப்பது ஒரே ஒரு நிபந்தனை. இன்று செய்வதை நாளை இன்னொருவர் திருப்பிப் பழையபடி ஆக்க முடியவேண்டும். பெட்டியை அறுக்காதீர்கள், சாக்கெட்டைப் பிடுங்காதீர்கள், பலகைக் கோடுகளைச் சுரண்டாதீர்கள். புதிய கீபோர்டை அதே 5 கால், 8 கால் சாக்கெட்டுகளில் செருகும்படி செய்யுங்கள். கமடோர் 64-க்கு அப்படியே பொருந்தும் மெக்கானிக்கல் கீபோர்டுகள் வந்திருக்கின்றன, பழைய கீமூடிகளையே மாட்டிக்கொள்ளும் வகையும் உண்டு. நல்ல வேலைப்பாடு என்றால் அதுதான். நாற்பது வருஷம் தாண்டி நம்மிடம் வந்த பெட்டி, நமக்குப் பிறகும் யாரிடமோ போகப்போகிறது. அவருக்கும் தேர்வு செய்ய ஏதாவது மிச்சம் வைக்கவேண்டும்.

ஸ்பெக்ட்ரமில் இன்னொரு சங்கடம். ஒவ்வொரு கீயிலும் ஐந்தாறு வேலைகள் அச்சடித்திருக்கும். பி அழுத்தினால் PRINT, ஜி அழுத்தினால் GO TO என்று முழுச் சொல்லே வரும். வெறும் கீமூடி வாங்கி மாட்டினால் அந்த எழுத்துகள் எல்லாம் போய்விடும், புதிதாக வருபவருக்கு எந்தச் சொல் எங்கே என்று தெரியாது. கீமூடிக்கு ஸ்டிக்கராவது அச்சடித்து ஒட்டுங்கள்.

கே: பழைய ஸ்பெக்ட்ரம் கீபோர்டை யூஎஸ்பியாக மாற்றி இன்றைய கம்ப்யூட்டரில் தட்ட முடியுமா?
– திருச்சி

ப: முடியும். ராஸ்பெர்ரி பை பிகோ போன்ற சின்னப் பலகையில் 13 கால்களை ஒதுக்கினால் போதும். எட்டுக் கோடுகளில் ஒவ்வொன்றாகத் தாழ்த்தி, ஐந்து கோடுகளையும் படித்துக்கொண்டே இருக்கவேண்டும். ஸ்பெக்ட்ரமின் ரோமும் வினாடிக்கு 50 முறை இதே வேலையைத்தான் செய்தது. வாலுக்கு அதே ரகச் சாக்கெட்டை வாங்கிப் பொருத்துங்கள், வாலில் சால்டர் வைக்கும் எண்ணமே வேண்டாம்.

ஒரு விஷயம் முன்கூட்டியே தெரிந்திருக்கட்டும். க்யூ, டபிள்யூ, ஏ மூன்றையும் ஒன்றாக அழுத்தினால் எஸ்ஸும் அழுத்தியதாகத் தெரியும். கட்டத்தின் மூன்று மூலைகள் இணைந்தால் மின்சாரம் சுற்றிக்கொண்டு நான்காவது மூலைக்கும் போய்விடும். கீக்குக் கீ டயோடு வைக்காத எல்லாக் கீபோர்டிலும் இது உண்டு. உங்கள் புரோகிராமில் தவறு தேடி இரவெல்லாம் விழித்திருக்கவேண்டாம்.

வேலை செய்யும் முழு ஸ்பெக்ட்ரமைக் கிழித்து இதைச் செய்யாதீர்கள். பலகை செத்துப்போன ஸ்பெக்ட்ரம் கிடைத்தால் அதன் கீபோர்டுக்கு இது நல்ல மறுவாழ்வு.

கே: இதெல்லாம் சீமைச் சரக்கு. நம் நாட்டில் இப்படி எதுவும் இருந்ததா?
– சென்னை

ப: இருந்தது. புனேயில் டெசிபெல்ஸ் நிறுவனம் உரிமம் பெற்று ஸ்பெக்ட்ரம் பிளஸ்ஸைத் தயாரித்தது. 1984-ல் மத்திய அரசு தொடங்கிய ‘கிளாஸ்’ திட்டத்தில் பள்ளிகளுக்கு வந்தவை பிபிசி மைக்ரோக்கள். அதனால் ஒரு பழைய பள்ளியின் ஸ்டோர் ரூமில் சிவப்பு பங்ஷன் கீகளோடு ஒரு பெட்டியைப் பார்த்தால் பழைய இரும்புக்காரரிடம் எடை போட விடாதீர்கள்.

பிபிசி கிடைத்தால் உடனே பிளக்கில் சொருகாதீர்கள். பவர் சப்ளையில் உள்ள பழைய காகித கெபாசிட்டர்கள் வெடிப்பு விட்டு, ஈரம் இழுத்து, மின்சாரம் கொடுத்ததும் புகையைக் கக்கும். தெரிந்தவரிடம் கொடுத்து மாற்றிவிட்டு ஓட்டுங்கள். கீபோர்டு அநேகமாகத் தப்பியிருக்கும். கெட்ட ஸ்விட்சை மட்டும் தனியாகச் சால்டர் எடுத்து மாற்றலாம்.

டெசிபெல்ஸ் பெட்டி கிடைத்தால், சாதாரண ஸ்பெக்ட்ரம் மெம்பிரேனை வாங்கிக் காசை வீணாக்காதீர்கள், பொருந்தாது. பிளஸ்ஸில் 58 கீகள். டிலீட் கீயை அழுத்தினால் கேப்ஸ் ஷிஃப்ட்டும் 0-வும் சேர்ந்து அழுந்தியதாகத் தெரியவேண்டும் என்பதற்காக, அதன் மெம்பிரேனில் கூடுதல் அடுக்குகள் உண்டு. ‘பிளஸ்’ என்று கேட்டு வாங்குங்கள்.

கே: ஒரு கீமூடி மட்டும் தொலைந்துவிட்டது. இன்னொரு கம்ப்யூட்டரை வாங்கி அதிலிருந்து எடுக்கலாமா?
– மலேசியா, கிள்ளான்

ப: ஒரு கீக்காக ஓடும் கம்ப்யூட்டரைக் கொல்வதா? செத்த பலகையோடு வரும் கீபோர்டுகள் விற்பனைக்கு வரும், காத்திருங்கள். அதுவரை முப்பரிமாண அச்சில் ஒரு மூடி அடித்து மாட்டிக்கொள்ளலாம்.

கே: ஸ்பெக்ட்ரமைச் சரிசெய்துவிட்டேன் சார். என் எட்டு வயது மகள் தட்டிப் பார்க்கவேண்டும் என்கிறாள். புது மெம்பிரேன், பாதி காட்சிப் பொருள். கொடுக்கலாமா?
– மதுரை

ப: கொடுக்காவிட்டால் எதற்குச் சரிசெய்தீர்கள்? தாராளமாகக் கொடுங்கள். மெம்பிரேனுக்கு ஆபத்து குழந்தையின் விரலால் அல்ல; மூடியைத் திரும்பத் திரும்பக் கழற்றி வாலை வளைக்கும் நம் விரலால்.

அவளுக்கு இதைச் சொல்லிக்கொடுங்கள். முதலில் 10. பிறகு பி கீ. PRINT என்ற முழுச் சொல்லும் தானே வந்து நிற்பதைப் பார்த்து அவள் சிரிப்பாள். சிம்பல் ஷிஃப்ட்டோடு பி அழுத்தினால் மேற்கோள் குறி. அவள் பெயரை ஒவ்வொரு எழுத்தாக அடிக்கட்டும், மறுபடி மேற்கோள் குறி, என்டர். அடுத்த வரிக்கு 20, பிறகு ஜி. GO TO வரும். 10, என்டர். கடைசியாக ஆர், RUN வரும், என்டர். திரை முழுக்க அவள் பெயர் நிரம்பியதும் ‘scroll?’ என்று கம்ப்யூட்டர் கேட்கும். N கீயைத் தட்டினால் நிற்கும், வேறு எழுத்தைத் தட்டினால் இன்னொரு திரை நிறையப் பெயர். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, எந்தக் கீ தயங்குகிறது என்று மட்டும் கவனியுங்கள். அவள் நிறுத்தமாட்டாள், உங்களுக்குச் சோதனை ஓட்டமும் முடிந்துவிடும்.